உள்ளங்கால் மஞ்சள்

சிவப்புத்தான். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பொட்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வீட்டுக்காரி பழனாத்தாளுக்குக் குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்து பீரோக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போகிற வழக்கம், வீட்டை விட்டுப் போனவள் அதையெல்லாம் எடுத்துக்கொண்டா போனாள், ஓரம் பூராவும் சாந்து நிறத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அதில் ஒன்றுதான் என் உள்ளங்கால் கட்டுக்கு நேராக வந்து நிற்கிறது என்று நினைத்து, தரையில் மல்லாந்து கிடந்தபடியே காலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. சிவப்பு காலோடு வந்தது. வலப்பக்கம் நகர்த்தினேன், அங்கேயும் வந்தது. நாய்க்குட்டி மாதிரி கூடவே வருகிறது. தொடை கடுத்தது, காலைக் கீழே போட்டேன், குதிகால் தரையில் மோதிய சத்தம் காதுக்குக் கேட்டது, காலுக்குத் தெரியவில்லை. மேலே விசிறி சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை, மண்டி இல்லை, தெருவில் யாரோ வண்டி கழுவுகிற தண்ணீர்ச் சத்தம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அர்த்தநாரி என்றால் எதிரே நிற்கிறவன் தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்துகொள்வான், அந்த அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் பாதத்தைத் தானே பார்க்க, கரப்பான்பூச்சி கவிழ்ந்த மாதிரி பீரோவுக்கு முன்னால் மல்லாந்து கிடக்கிறான். மனுஷனுக்கு முதுகும் தெரியாது, உள்ளங்காலும் தெரியாது. முதுகையாவது சுவரில் தேய்த்துக்கொள்ளலாம். சுவர் பார்த்துச் சொல்லுமா? சிவப்பு எவ்வளவு பெரிசு என்று சரியாகப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கலாம். வேண்டாம். பார்க்காத வரைக்கும் அது சின்னதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் உள்ளங்கால் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது சொன்னாள், இது சாதாரணக் கட்டு இல்லீங்கய்யா, இந்த வழவழப்பான தாளுக்குள்ளேயே மருந்து இருக்குது, புண் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கும், நெறமும் காட்டும், மஞ்சளில் இருக்கிற சத்தைத்தான் பிரிச்சு இதுல சேர்த்திருக்குது, புண்ணு தேறினா மஞ்சளாவே இருக்கும், உள்ளே கிருமி கூடினா செவக்கும், சீழ் வந்து நாத்தம் அடிக்கறதுக்கு முன்னாலயே இது சொல்லிப்போடும் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏம்மா, என்ற சரக்கையே எனக்கு விக்கறீங்களா என்றேன். அவளும் சிரித்தாள். என் பேத்தி வயது இருக்கும், ஆனால் பேரத்தில் கெட்டி. பெருவிரலும் பக்கத்து விரலும் எடுத்தாகணும் என்று ஆரம்பித்தவள் அவள். பெருவிரலை விட்டுருங்க, வேணும்னா சுண்டுவிரலை எடுத்துக்குங்க என்றேன். அழுகாத விரலை எடுத்து நான் என்னங்கய்யா பண்ணட்டும், இது மண்டி இல்லீங்க என்றாள். எல்லாமே மண்டிதாம்மா என்றேன். எழுந்து நின்றேன், போகிற மாதிரி வாசல் வரைக்கும் போனேன், கூப்பிடுவாள் என்று தெரியும், கூப்பிட்டாள். கடைசியில் பக்கத்து விரலோடு முடிந்தது. பெருவிரல் என்னிடமே இருக்கிறது. மயக்கம் தெளிந்தபோது வலியைவிட முதலில் வந்தது ஒரு சந்தோஷம், கேட்டதில் பாதிக்கு முடித்துவிட்டேன் என்று. அப்புறம்தான் அவள் சொன்னாள், இந்தக் கட்டு செவந்தா அன்னைக்கே வந்திறோணும், அதுக்கப்புறம் பேரமே கெடையாதுங்க, கணுக்கால்தான் என்று. கணுக்கால். கை வைத்துப் பார்க்கிறேன், எலும்பு முண்டு முண்டாக இருக்கிறது, இதுக்குக் கீழே இல்லை என்றால் எப்படி இருக்கும், கோணிப்பையை வாயைச் சுருக்கித் தைத்த மாதிரித் தைத்துவிடுவார்களோ, கோணியை நான் எத்தனை தைத்திருக்கிறேன், கோணி ஊசி எங்கே குத்தினாலும் கோணி ஒன்றும் கேட்காது. இந்தக் காலும் கேட்காது.

கேட்டுக்கொண்டிருந்த கால்தான் இது. அதைத்தான் எவனும் நம்ப மாட்டான். மூட்டை தூக்க வந்தவன் நான், எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் கோணியில் அடித்த மார்க்கைத்தான், மற்றதெல்லாம் அடி வாங்கி வாங்கிப் படித்தது. களத்தில் வேக வைத்த மஞ்சளைப் பரப்பியிருப்பார்கள், வெயில் கொதிக்கும், வியாபாரி என்று வருகிறவன் எல்லாம் செருப்போடு ஓரத்தில் நின்று ஒரு கிழங்கை எடுத்து முறித்துப் பார்ப்பான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவிலேயே நடப்பேன். நடந்தால் தெரிந்துவிடும். காய்ந்த விரலி மஞ்சள் காலுக்கடியில் கூழாங்கல் மாதிரி உருளும், ஈரம் இருந்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், அந்தக் கொஞ்சத்துக்குத்தான் விலை. நாரியண்ணன் கால்ல கண்ணு வெச்சிருக்கான் என்பார்கள். அந்தக் கண் எப்போது அவிந்தது என்று எனக்கே தெரியவில்லை. சர்க்கரை வந்து நாளாச்சு, நானும் சட்டை பண்ணவில்லை. ஒருதடவை ஈரச் சரக்கைக் காய்ந்தது என்று வாங்கிவிட்டேன், விற்றவன் ஏமாற்றினான் என்று அவன் சட்டையைப் பிடித்தேன், அவன் கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது, ஏமாற்றுகிறவனுக்கு அந்தப் பயம் வராது, அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். களத்துச் சிமெண்டு சுட்டுக் கொப்புளம் வந்ததும் தெரியவில்லை, அது உடைந்ததும் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ஈரத் தடம் கண்டு பழனாத்தாள்தான் கேட்டாள், ஏனுங், தண்ணியில மிதிச்சுட்டு வந்தீங்களா என்று. தண்ணி இல்லை.

அப்புறம் அவள் ஒரு செருப்பு வாங்கி வந்தாள், சர்க்கரைக்காரங்களுக்கென்றே செய்கிறதாம், அடியில் மெத்து மெத்தென்று, கறுப்பாக, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி ஒரு செருப்பு. இதைப் போட்டுட்டு நான் களத்துக்குப் போனா எவன்டி மதிப்பான் என்று கத்தினேன். மதிக்கறவங்க காலையா பாத்து மதிக்கறாங்க என்றாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டையும் எடுத்துத் தெருவில் வீசினேன், ஒன்று எதிர்வீட்டு வேலியில் போய் மாட்டிக்கொண்டது. இனி இந்தச் செருப்பு இல்லாம களத்துல கால் வெச்சீங்கன்னா நான் கோகிலா ஊட்டுக்குப் போயிருவேனுங் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவளிடம் இருக்கிற கெட்ட பழக்கம், விலையை மெதுவாகத்தான் சொல்லுவாள். போறதுன்னா போ என்று நானும் களத்துக்குப் போனேன், வெறுங்காலோடு. திரும்பி வந்து பார்த்தால் வேலியில் மாட்டினதையும் எடுத்து, துடைத்து, வாசல்படிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள், சோறாக்கி மூடி வைத்திருந்தாள், ஆள் இல்லை. திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள். அன்றையிலிருந்து அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மகள் கோகிலாதான் கூப்பிடுவாள், அப்பா சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பின்னால் குக்கர் சத்தம் கேட்கும், அது பழனாத்தாள் வைத்த குக்கர்தான் என்று தெரியும், கேட்க மாட்டேன். அம்மா பக்கத்துலதாம்ப்பா இருக்கு, குடுக்கட்டுமா என்பாள். வேலையிருக்குது கண்ணு, வெச்சர்றேன் என்பேன். விரல் எடுத்ததைக்கூட, சின்னதாக் கீறிவிட்டாங்க என்றுதான் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட மண்டிக் கணக்குப்பிள்ளையைக் கூட்டிப்போனேன். மண்டியில் முதலில் விலையை வாய்விட்டுச் சொன்னவன் தோற்றான். வாங்குகிறவனும் விற்கிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவோம், மாட்டைப் பற்றிப் பேசுவோம், வெற்றிலை போடுவோம், எவன் வாய் முதலில் திறக்கிறது என்று பார்ப்போம், மத்தியானம் சாய்ந்தாலும் சரி. அப்படித்தான் நான் மண்டி கட்டினேன். எனக்கு முன்னால் வாய் திறக்காதவன் ஒருத்தன்கூட இல்லை. ஒருத்தி இருக்கிறாள்.

எழுந்து உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டேன். கை தானாகவே செய்கிறது, இலையின் முதுகைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைக் கட்டைவிரலால் தொட்டுத் தடவி, பாக்கை வைத்து மடித்து. டாக்டரம்மா இதையும் விடச் சொன்னாள், அதில் நான் இறங்கவில்லை. மென்றேன். ருசி தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் என்ன? போனால் பிலோமினா சிஸ்டர் கேட்பாள். தினமும் காலையில உள்ளங்காலை வீட்ல ஆராச்சும் பாத்துச் சொல்லோணும், உங்க வீட்ல ஆருங்கய்யா பாப்பாங்க என்று கேட்டவள் அவள்தான். வீட்டுக்காரி பாப்பா என்றேன். வாய் கூசவே இல்லை, சரக்கு கையில் இல்லாமலே விற்றவன்தானே நான். அவங்களையும் ஒருநா கூட்டிட்டு வாங்க, சொல்லித் தர்றேன் என்றாள். சரிம்மா என்றேன். இப்போது தனியாகப் போய் நின்றால், எங்கே வீட்டுக்காரி, செவந்து எத்தனை நாளாச்சு, நேத்து என்ன நெறம் என்பாள். நேற்று என்ன நிறம்? நேற்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை, தொட்டேன். மூட்டையின் வெளிப்பக்கத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கினவனில்லை நான், குத்தூசியை இறக்கி உள்ளிருந்து நாலு கிழங்கு எடுத்துப் பார்த்தால்தான் கைக்கு நம்பிக்கை வரும், அது மாதிரி நேற்றுக் காலையில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, திண்டில் சாய்ந்துகொண்டு காலை மடித்துப் பார்த்தேன், இடுப்பு வளையவில்லை, கண்ணுக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியது. மேல் தாளின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் நெம்பி, உள்ளே விரலை விட்டு அமுக்கிப் பார்த்தேன். வழவழவென்று, நுங்கு மாதிரி இருந்தது. ஈரம் இல்லை, நாற்றம் இல்லை, நல்ல சரக்கு என்று மறுபடி ஒட்டிவிட்டேன். நேற்று நன்றாகத்தானே இருந்தது. ஒரு ராத்திரிக்குள் கிருமி இவ்வளவு ஏறுமா? ஏறும். டாக்டரம்மா சொன்னாள், சர்க்கரை உடம்பில் அது எறும்புக்கு வெல்லம் கிடைத்த மாதிரி என்று. இப்போதே ஏறிக்கொண்டிருக்கும். நான் இங்கே வெற்றிலை மென்றுகொண்டிருக்க, அது அடியில் ஒரு சத்தமும் இல்லாமல், வலிகூட இல்லாமல். வலித்தாலாவது துணைக்கு ஒன்று இருக்கிற மாதிரி இருக்கும்.

வேறு யாரைக் கூப்பிடலாம்? மாடி வீட்டுக்காரனோடு தண்ணீர் மோட்டார் சண்டை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தம்பி சென்னிமலையில் இருக்கிறான், பங்கு பிரித்த நாளிலிருந்து விசேஷங்களில் பந்தியைக்கூட மாற்றி உட்காருகிறோம். கணக்குப்பிள்ளை வருவான், கூப்பிட்டால் ஓடி வருவான், ஆனால் என் உள்ளங்காலைப் பார்த்தவன் நாளைக்கு மண்டியில் என் முகத்தை எப்படிப் பார்ப்பான்? சண்டை போடாத மனுஷர்களாக ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன், யாரிடமெல்லாம் ஜெயித்தேன் என்பதுதான் வரிசையாக வருகிறது. நான் ஜெயித்தவர்களிடம் காலைக் காட்ட முடியாது. காலைக் காட்டுவது என்றால் சும்மாவா, எதிரே கால் நீட்டி உட்கார்ந்தாலே மரியாதைக் குறைச்சல் என்று எழுந்து போகிற ஊர் இது. யார் முகத்துக்கு நேரே காலைத் தூக்கிக் காட்டலாம்? எந்த மனுஷன், சரி காட்டு என்பான்? இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், வெற்றிலை வாயில் சக்கையாகிவிட்டது, பதில் எனக்கு முதலிலேயே தெரியும், தெரிந்த பதிலைச் சுற்றிச் சுற்றித்தான் மனசு நடக்கிறது, விலை தெரிந்த பிறகும் மழையைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி. போனை எடுத்தேன். வைத்தேன். கணுக்காலைத் தொட்டேன். எடுத்தேன். மணி அடிக்கிறது. எடுக்காதே என்று ஒரு மனசு, எடுடி என்று ஒரு மனசு.

"ம்" என்றாள்.

அந்த ஒரு எழுத்தில் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், மடியில் என்ன அரிந்துகொண்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்தது. மழை பெய்ததா என்று கேட்க வாய் போயிற்று.

"அங்க மழையா புள்ள?"

"மழையைக் கேக்கறதுக்கா கூப்புட்டீங்?"

"இல்ல. கால்ல கட்டு செவந்து போச்சு."

கத்தியைக் கீழே வைக்கிற சத்தம். "கோகிலா பாப்பா மில்லுக்குப் போயிட்டா. இருங், படம் தெரியறாப்ல நானே போடறேன், பச்சையை அமுக்குங்" என்றாள். எப்போது கற்றுக்கொண்டாள் இதையெல்லாம்? அமுக்கினேன். கூரைதான் முதலில் தெரிந்தது, அப்புறம் அவள் நெற்றி, பொட்டு, ஒரு கண். இளைத்திருக்கிறாளா? தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் துண்டை எடுத்து வாயைத் துடைத்தேன்.

"மூஞ்சியை எதுக்குங் காட்டறீங், காலைக் காட்டுங்."

"உனக்கு நேரா எப்படிப் புள்ள..."

"அட, காட்டுங்கறேன். எத்தனை நாள் கழுவி விட்டிருக்கறேன் அதை."

காலைத் தூக்கிச் சேரின் மேல் போட்டு, போனைக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் தரைக்குப் பக்கத்திலிருந்து வருகிறது, இன்னும் கிட்டக் கொண்டு போங், வெளிச்சத்துக்குத் திருப்புங், ஆடாமப் புடிங். அப்புறம் சத்தமே இல்லை. முடிந்தது, கணுக்கால் என்று நினைத்தேன். கண்ணுக்குள் சிமெண்டுக் களத்தில் ஒற்றைக் கால் தடம் தெரிந்தது, ஒன்றுவிட்டு ஒன்று. யாரோ அந்த வண்டியைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள், எத்தனை தண்ணீர்.

"ஏனுங்."

"சொல்லு."

"நடுவுல நல்ல மஞ்சளாத்தான இருக்குது. ஓரத்துல மட்டும் கட்டைவெரல் அகலத்துக்குச் செவந்திருக்குது. ஆரத்தி கரைச்சாப்ல."

"சீழாப் புள்ள?"

"கட்டைப் பிரிச்சீங்களா?"

"இல்ல."

"பிரிச்சீங்களா?"

"லேசா. ஓரத்துல. விரலை விட்டு அமுக்கித்தான் பாத்தேன்."

"வெத்தலை போட்டுட்டு."

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். நகத்துக்கடியில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிள்ளைப்பேற்றுக்கு இவள் ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட, அது சிவப்பதைப் பார்த்துக்கொண்டே இந்த வீட்டில் நடந்திருக்கிறேன், எந்த மூட்டையில் கலப்படம் என்று சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், என் சரக்கு என் காலடியிலேயே என் கையாலேயே சிவந்திருக்கிறது, நான் தரையில் உருண்டுகொண்டு கிடந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அதனால் கோபப்பட்டேன்.

"அப்ப ஒண்ணுமில்லைன்னு சொல்லு, அதுக்கு எதுக்கு இத்தனை கேள்வி!"

"ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னனுங்களா? சுண்ணாம்பாத்தான் இருக்கும். ஆனா அதுக்கடியில என்ன இருக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்? இன்னும் எதையும் நோண்டாம, கையைக் கழுவிட்டு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங். சுண்ணாம்பா சீழான்னு அவங்க சொல்லட்டும்." வளையல் சத்தம் கிட்டே கேட்டது. "அந்த வெரல் எங்கேங்?"

பெருவிரலுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளி. அது அவள் கண்ணில் பட்டிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"அதைக் குடுத்துத்தான் மத்ததை வெச்சிருக்கறேன்."

"கீறிவிட்டாங்கன்னுதான பாப்பாகிட்டச் சொன்னீங்."

"ம்."

போனை மேலே எடுத்தேன். அவள் முகம் பூராவும் தெரிந்தது. அழவில்லை. அழுதிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட ஆருங் வர்றாங்க?"

இந்த இடம் எனக்குத் தெரியும். இதே அமைதியில் எத்தனை பேரை வாய் திறக்க வைத்திருக்கிறேன். எதிரே இருப்பவன் மூக்கைச் சொறிவான், துண்டை மாற்றிப் போடுவான், கடைசியில் சொல்லிவிடுவான். பொறுத்தால் போதும். இவளும் சொல்லிவிடுவாள், நான் வர்றனுங் என்று. பொறுத்தேன். விசிறி சுற்றியது. வண்டி கழுவும் சத்தம் நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் மூக்கைச் சொறியவில்லை. முந்தானையை மாற்றிப் போடவில்லை. நாற்பது வருஷத்தில் ஒருதடவைகூட முதலில் கேட்காதவனிடம் அவள் கடைசியாக ஒருதடவை பொறுத்துப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது, இந்தப் பக்கம் நானும் பொறுத்தால் இந்தச் சரக்கு அப்படியே கிடந்து புழுத்துவிடும் என்றும்.

"நீ வா" என்றேன்.

சொன்னது என் குரல் மாதிரி இல்லை. இன்னும் ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்று பார்த்தேன், சாக்கு, சமாதானம், சிஸ்டர் உன்னைக் கூட்டிவரச் சொன்னாள் என்று. ஒன்றும் வரவில்லை. விலை அவ்வளவுதான்.

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "செருப்பு எங்கேங் இருக்குது?" என்றாள்.

"வாசல்ல. நீ வெச்ச எடத்துல."

"மொதல்ல அதைப் போடுங்" என்றாள். படம் போய்விட்டது. வைத்தாளா, லைன் அறுந்ததா, தெரியவில்லை. திரும்பிக் கூப்பிடவில்லை நான். கையைச் சோப்புப் போட்டு, நகத்துக்கடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஜோடியாக இருந்தது, மேலே தூசி, ஒன்றின் வாரில் வேலி கீறின கோடு. நல்ல காலை விட்டேன், மெத்தென்று இருந்தது. கட்டுப் போட்ட காலையும் விட்டேன். உள்ளே போய்விட்டதா என்று காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். போயிருந்தது.